கூழ் போன வழி

டர்பன்,
ஆடி மூன்றாம் ஞாயிறு, 2025

அன்புள்ள ஏழுமலை,

நலம், நலமறிய ஆவல். நீ எழுதிய கடிதத்தை உன் பேரன் படம் எடுத்துக் கைபேசியில் அனுப்பியிருந்தான். நமீபியாவின் தலைநகர் வின்ட்ஹூக்கில் மகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். முழங்கால் அறுவை முடிந்து தங்கச்சி எழுந்து நடக்கிறாள் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. மாடிப்படி மட்டும் இன்னும் மூன்று மாதம் வேண்டாம் என்று சொல்லி வை.

கிணற்றுமேட்டு இரண்டு ஏக்கரில் இனிமேல் கம்பு வேண்டாம், சவுக்கு வைத்துவிடலாம் என்று எழுதி, என் எண்ணத்தையும் கேட்டிருக்கிறாய். உடனே பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் அல்ல. இந்த ஒன்றரை மாதமாக நான் போன இடமெல்லாம் உன் நிலத்துக் கம்பு என்னோடு வந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லாமல் என் எண்ணத்தைச் சொல்ல முடியாது.

ஜூன் மாதம் மருமகனோடு பணிபுரியும் ஒருவருடைய ஊருக்குப் போனோம். நமீபியாவின் வடகோடியில், அங்கோலா எல்லையை ஒட்டிய ஓவாம்போ மக்களின் பகுதி. வின்ட்ஹூக்கிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர். தார்ச்சாலை விட்டு மணல் பாதையில் இறங்கியதும் சக்கரம் பஞ்சராகிவிட்டது. அரைமணி நேரம் பனைமர நிழலில் நின்றோம். ஆமாம், அங்கேயும் பனை இருக்கிறது, மக்கலானி என்கிறார்கள். நம் பனையைவிட ஒல்லி, ஆனால் தூரத்தில் பார்த்தால் போளூர்ச் சாலைதான். கடந்து போன ஒரு பெரியவர் வண்டியை நிறுத்தி ஜாக்கி கொடுத்து உதவினார். என்னைத் ‘தாத்தே’ என்று அழைத்தார். என் பேத்தி துள்ளிவிட்டாள். அவர்கள் மொழியில் ‘தாத்தே’ என்றால் அப்பா. வயதில் மூத்த ஆண்களை மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள், பெண்களை ‘மேமே’ என்பார்கள்.

வீடு வந்து சேர்ந்தபோது அறுவடை முடிந்த வயலைப் பார்த்தேன். ஏழுமலை, அது கம்பங்கொல்லை! ஆள் உயரத் தட்டை, வெளுத்த தோகை, காலடியில் மணல். அவர்கள் மஹாங்கு என்கிறார்கள். முற்றத்தில் குச்சிகளைப் பின்னிச் செய்த குதிர்கள் மரக்கால்கள்மேல் நின்றன. தரையில் பதித்த உரலில் இரண்டு பெண்கள் நீண்ட உலக்கைகளால் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! உன் அம்மா விடியற்காலையில் குத்திய சத்தம் எங்கள் வீட்டுப் பாயில் படுத்திருந்த எனக்குக் கேட்குமே, அதே தாளம்.

வீட்டுப் பெரியம்மா ஒரு சுரைக்குடுவையில் குடிக்கக் கொடுத்தார். ஓஷிகுண்டு என்று பெயர். கம்பு மாவில் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, முளைகட்டிய சோளத்தின் மாவைக் கலந்து, நேற்றையதில் மீந்ததைச் சிறிது உறைமோர்போல விட்டு வைக்கிறார்கள். ஒரு நாளுக்குள் புளித்துவிடும். வாயில் வைத்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. நாம் நான்காம் வகுப்பு படிக்கும்போது உன் அப்பாவுக்குக் களத்துமேட்டுக்குத் தூக்குவாளியில் கொண்டுபோவோமே, வழியில் மூடியைத் திறந்து ஆளுக்கு இரண்டு வாய் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வோமே, அந்தப் புளிப்பு. மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும் மட்டும்தான் இல்லை. மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பிடிக்கவில்லையா அப்பா?” என்று கேட்டாள். இரண்டாவது குடுவையை வாங்கிக் குடித்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

இரவில் கம்பங்களி. கொதிக்கிற நீரில் மாவைத் தூவித் துடுப்பால் கிண்டி இறக்குவதெல்லாம் நம் வழக்கம்தான். தொட்டுக்கொள்ள, ஓம்பிடி என்னும் கீரை. இலையை விரித்துப் பார்த்தேன்: நம் வரப்பில் பிடுங்கி எறிகிற நல்வேளைக் கீரை! அங்கே அதை வேகவைத்து அடை தட்டி உலர்த்தி மழையில்லாத மாதங்களுக்குச் சேமிக்கிறார்கள். கோழி குழம்பும் இருந்தது. வீட்டைச் சுற்றி ஓடித் திரிந்து வளர்வதால் அதற்கு மாரத்தான் கோழி என்று பெயர். நாட்டுக்கோழிக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் கேட்டதில்லை.

வின்ட்ஹூக்கில் மகள் பணிபுரியும் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். கம்பு முதலில் பயிரானது மேற்கு ஆப்பிரிக்காவில். மாலி நாட்டின் வடபகுதியில் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட கம்பு மணிகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. கேழ்வரகு எத்தியோப்பிய, உகாண்டா மேட்டுநிலங்களைச் சேர்ந்தது. சோளம் சூடான் பக்கத்தது. இவற்றில் ஒரு கிளை உழவர்களோடு நடந்தே தெற்கே நமீபியா வரைக்கும் ஜிம்பாப்வே வரைக்கும் வந்தது. இன்னொரு கிளை கடல் கடந்து இந்தியாவுக்கு வந்து, கடைசியில் உன் கிணற்றுமேட்டுக்கும் வந்தது. அந்தப் பெரியம்மாவின் குதிரில் இருப்பதும் உன் குதிரில் இருப்பதும் பங்காளிகள். இதை அறுபத்தெட்டு வயதில் அறிந்துகொண்டேன் என்பதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

திரும்பும்போது வழியில் கால்நடைத் தடுப்புவேலி ஒன்றைக் கடந்தோம். வடக்கிலிருந்து பச்சை மாட்டிறைச்சி தெற்கே போகக் கூடாது, கோமாரி பரவிவிடும் என்று வண்டியைத் திறந்து பார்க்கிறார்கள். பிறகு போட்ஸ்வானா எல்லையில் வண்டிச் சக்கரத்தையும் எங்கள் செருப்பையும் மருந்துநீரில் நனைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். நம் ஊரில் கோமாரி வந்த வருஷம் நீ இழந்த இரண்டு பசுக்களை நினைத்துக்கொண்டேன்.

ஜூலையில் ஜிம்பாப்வே. விக்டோரியா அருவியைப் பார்க்காமல் வர முடியுமா? 1,700 மீட்டர் அகலத்துக்கு ஜாம்பேசி ஆறு அப்படியே நூறு மீட்டருக்கு மேல் கீழே விழுகிறது. உள்ளூர்ப் பெயர் மோசி ஓவா துன்யா, இடிமுழங்கும் புகை. அந்தப் பெயரே போதும், நான் வர்ணிக்க வேண்டியதில்லை. நனைந்து வந்தேன்.

எனக்கு மனத்தில் நிற்பது அருவிக்கரை அல்ல, அன்று மதியம் ஒரு சிறிய சாப்பாட்டுக்கடையில் சாப்பிட்ட சாப்பாடு. உட்கார்ந்ததும் கடைக்கார அம்மா சொம்பும் தட்டும் கொண்டுவந்து கைமேல் நீர் ஊற்றினார். பிறகு சட்ஸா, அதாவது மக்காச்சோளக் களி. வலக்கையால் கிள்ளி, உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, குழம்பைத் தோண்டி எடுக்க வேண்டும். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உடன் வந்தது கபென்டா, நெத்திலிக் கருவாடு போன்ற பொடிமீன். 1960களின் இறுதியில் டாங்கனிக்கா ஏரியிலிருந்து கொண்டுவந்து கரிபா அணையின் நீரில் விட்டு வளர்த்த மீன் அது. இரவில் விளக்கு வைத்துப் பிடிக்கிறார்கள். தக்காளி வெங்காயத்தோடு வறுத்திருந்தார். உன் வீட்டுக் கருவாட்டுத் தொக்கோடு சேர்த்து உட்கார வைக்கலாம்.

மொப்பானி மரத்துப் புழுவையும் சாப்பிட்டேன். அதன் குடலைப் பிதுக்கி எடுத்துவிட்டு உப்புநீரில் வேகவைத்து வெயிலில் காயவைக்கிறார்கள். வறுத்தால் மொறுமொறுவென்று மண்வாசனையோடு இருக்கிறது. முகம் சுளிக்காதே. முதல் மழைக்கு விளக்கடியில் ஈசல் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்றவர்கள்தானே நாம். அங்கேயும் ஈசல் தின்கிறார்கள், அதன் பெயர் ‘இஷ்வா’. ஒலி ஒத்துப்போவது தற்செயலாகத்தான் இருக்க வேண்டும், ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டபோது மனம் குளிர்ந்தது.

அந்த அம்மாவிடம் மெல்ல விசாரித்தேன். அவர் பிறந்த ஊரில் கம்புக்கு ‘முங்கா’, கேழ்வரகுக்கு ‘ஸ்வியோ’. முன்னோருக்குப் படைக்கும் மதுவைக் கேழ்வரகு முளையில்தான் காய்ச்ச வேண்டுமாம். ஆனால் அன்றாடச் சாப்பாட்டை மக்காச்சோளம் பிடித்துக்கொண்டுவிட்டது. அது அமெரிக்கப் பயிர், போர்ச்சுகீசியர் காலத்தில் ஆப்பிரிக்காவுக்கு வந்தது. வெள்ளை மாவு, குத்துகிற வேலை இல்லை, குருவித் தொல்லை குறைவு. 2024இல் மழை பொய்த்தபோது ஜாம்பியா, மலாவி, ஜிம்பாப்வே, நமீபியா ஆகிய நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பேரிடர் நிலை அறிவித்தன. மக்காச்சோளம் பூக்கிற நேரத்தில் கருகி நின்றது. அவருடைய அண்ணன் கொல்லை ஓரத்தில் விதைத்திருந்த கம்பு மட்டும் நான்கு மூட்டை கொடுத்ததாம். “அந்த நான்கு மூட்டையால்தான் பிள்ளைகள் பசியில்லாமல் இருந்தார்கள்” என்றார். நான் உன்னை நினைத்தேன், ஏழுமலை. வேறு என்ன சொல்ல.

இப்போது தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிறேன். சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை முதன்முதலில் ஏற்றிவந்த ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16ஆம் தேதி வந்து நின்ற துறைமுகம் இதுதான். 1911 வரை கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,000 பேருக்கு மேல். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள், நம் வட ஆற்காட்டிலிருந்து ஏராளம். ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங். இன்று அவர்கள் பேரப்பிள்ளைகளின் பெயர்ப்பலகையைப் படித்தால் கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆகியிருக்கிறார், முதலியார் ‘மூட்லி’ ஆகியிருக்கிறார்.

இங்கே புகழ்பெற்ற சாப்பாடு ‘பன்னி சௌ’. ரொட்டியின் கால்பாகத்தைக் குடைந்து உள்ளே ஆட்டுக்கறிக் குழம்பை நிரப்பி, குடைந்தெடுத்த பஞ்சை மேலே மூடியாக வைத்துத் தருகிறார்கள். மூடியைப் பிய்த்துத் தொட்டுத் தொடங்கி, கடைசியில் பாத்திரத்தையே சாப்பிட்டுவிட வேண்டும். காரம் நம் காரம், கறிவேப்பிலை மணக்கிறது, உருளைக்கிழங்கு குழம்பைக் குடித்துக் கரைகிற பதத்தில் இருக்கிறது. கறுப்பரையும் இந்தியரையும் உணவகத்தில் உட்காரவிடாத நாட்களில் தட்டில்லாமல் கையில் வாங்கிப் போவதற்காகப் பிறந்தது என்பார்கள். அதைக் கேட்ட பிறகு அந்த ரொட்டியை ஒரு துணுக்கும் மீதி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்று காலை மாரியம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். ஆடி இங்கே குளிர்காலம், ஆனாலும் ஆடி ஆடிதான். மஞ்சள் புடவை, வேப்பிலை, பறை. பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு தமிழில் பாடினார்கள். பொருள் தெரியாத சொல்லையும் அழுத்தம் மாறாமல் பாடினார்கள். வரிசையில் நின்று கிண்ணத்தை வாங்கிக் குடித்தேன். புளிப்பு சரி, வெங்காயம் சரி. மாவு மட்டும் மக்காச்சோளம்! கூழ் வார்த்த மூதாட்டியிடம் கேட்டேன். “எங்கள் பாட்டிக்குப் பாட்டி ஆற்காட்டிலிருந்து வந்தவர். தோட்டத்தில் படியாக அளந்தது இந்த மாவைத்தான். கிடைத்ததில் ஆத்தாளுக்குக் காய்ச்சினார்கள், நாங்களும் அப்படியே காய்ச்சுகிறோம்” என்றார். எல்லாம் ஆங்கிலத்தில். ‘ஆத்தா’ மட்டும் தமிழில்.

பிறகு அவர் என்னிடம் கேட்டார்: “உங்கள் ஊரில் எந்த மாவு?” கம்பும் கேழ்வரகும் என்றேன். எப்படி இருக்கும் என்றார். என் உள்ளங்கையை விரித்து, அதன் நிறத்தில் இருக்கும் கம்பு என்றேன். அவர் என் கையைப் பிடித்து நிறைய நேரம் பார்த்தார்.

அதனால் ஏழுமலை, உன்னைக் கேட்காமலே ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த ஆடிக்கு உன் நிலத்துக் கம்புமாவு பத்துக் கிலோ இந்தக் கோயிலுக்கு வந்து சேரும் என்று. சவுக்கை ஒரு ஏக்கரில் வை, அதன் வருமானம் வேண்டியதுதான், எனக்குப் புரிகிறது. கிணற்றை ஒட்டிய ஒரு ஏக்கரை விட்டு வை. மாசிப் பட்டத்தில் விதைத்தால் சித்திரை வைகாசியில் அறுத்துவிடலாம். குருவி ஓட்ட ஆள் கிடைக்காது என்று எழுதியிருந்தாய். காலையிலும் மாலையிலும் நான் வந்து நிற்கிறேன்.

ஆவணி கடைசியில் ஊருக்கு வருகிறேன். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்.

உன்,
கோதண்டம்