போர்வைக்குக் கோடு போடும் விதம்

தெம்பனிஸ், சிங்கப்பூர்.

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஒட்டுத்துணிப் போர்வையில் தையல் கோணாமல் ஓடுவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள்; தொலைபேசியில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடியில் முழுத்துணி என மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டுத்தையலுக்கு முன்கூட்டியே கோடு போட்டுக்கொள்வதுதான் பாதி வேலை. தைத்து முடியும்வரை அந்தக் கோடு நிற்கவேண்டும். பிறகு சுவடின்றிப் போய்விடவேண்டும். இதற்கென்றே கடைகளில் பேனாக்கள் கிடைக்கின்றன. காற்றில் தானே மறையும் ஊதா மை ஈரப்பதத்தில் இன்னும் விரைவாக மறைவதால், ஆண்டு முழுவதும் புழுக்கமான இந்த ஊருக்கு ஒத்துவரவில்லை. தண்ணீரில் போகும் நீல மையின்மேல் இஸ்திரிப் பெட்டி பட்டால் கறை நிலைத்துவிடும். சூட்டில் மறையும் மை உறைகுளிரில் மீண்டும் தெரியக்கூடும் என்பதால், கனடாவிலுள்ள அக்காவுக்குத் தைக்கும் போர்வையில் அதைத் தொடவே மாட்டேன்.

ஆகவே வீட்டுப் பொருள்களையே நம்புகிறேன். கையிலிருப்பதைக் கொண்டு தைப்பது இந்த ஊருக்குப் புதிதன்று: எங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத சாங்கி சிறையில் 1942-இல், ஜப்பானியர் ஆட்சியின்போது, அடைபட்டிருந்த பெண்கள், ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள் கொண்ட மூன்று போர்வைகளைத் தைத்தார்கள்.

கரைந்து மெலிந்த வெள்ளைச் சோப்புத் துண்டைக் காயவைத்து விளிம்பைச் சீவினால், கருநீலத் துணியில் மெல்லிய கோடு விழுகிறது. ஒரே சலவையில் போய்விடுகிறது. கிரீம் கலந்த சோப்பு மட்டும் ஆகாது, எண்ணெய்த் தடம் விடும். நேர்கோட்டுக்கு மாஸ்கிங் டேப்பை ஒட்டி அதன் ஓரமாகவே தைக்கிறேன். அதிக நேரம் விட்டால் பசை துணியில் தங்கிவிடும் என்பதால் அன்றன்றே உரித்துவிடுவேன். வட்டங்களுக்குத் தம்ளரும் வளையலும் போதும். ஒவ்வொரு வட்டமும் சுற்றியுள்ள நான்கு வட்டங்களோடு பின்னிக்கொள்ளும்படி வரைந்தால் உள்ளே நான்கிதழ்ப் பூ தானாக அமைகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது சிக்குக்கோலம். இழை அறுபடாமல் சுற்றிவருவதால் நூலையும் அடிக்கடி வெட்டவேண்டியதில்லை. ஊரில் ஆரி எம்பிராய்டரி வேலைக்காரர்கள் செய்வதுபோலப் பட்டர் பேப்பரில் கோலத்தை வரைந்து, நூல் கோக்காத தையல் இயந்திர ஊசியால் கோட்டின்மேல் துளையிடுகிறேன். அவர்கள் மண்ணெண்ணெயில் பொடியைக் குழைத்துத் தேய்ப்பார்கள். நான் பழைய காலுறையில் சோளமாவைக் கட்டி, அடர்நிறத் துணிமேல் விரித்த தாளில் தட்டுகிறேன். தாளை எடுத்ததும் துணியில் வெண்புள்ளிகள் தெரியும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, அவை உதிருமுன் சோப்பால் இணைத்துவிட வேண்டும்.

மார்கழியில் நீங்கள் வாசலை அடைத்துப் போடும் பெரிய சிக்குக்கோலத்தை, புள்ளிக்குப் புள்ளி ஓர் அங்குலம் விட்டு, பட்டர் பேப்பரில் வரைந்து பெரியப்பா வரும்போது கொடுத்தனுப்புங்கள். மடிக்காமல் சுருட்டித் தாருங்கள். மடித்த இடத்தில் துளையிடும்போது தாள் கிழிந்துவிடுகிறது.

தங்கள் அன்பு மகள்