திரும்பும் நேரத்தை முதலில் சொல்லுங்கள்

கோடையில் பாலைப் பள்ளத்தாக்குகளுக்குக் குழுக்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வழிகாட்டிகளே,

வணக்கம். சென்ற ஜூலையில், அமெரிக்காவின் தென்மேற்கில், உங்களில் ஒருவரை நம்பிப் புறப்பட்ட 8 பேரில் நானும் ஒருத்தி. விடிகாலையில் 18 கிலோமீட்டர் சைக்கிள், பிறகு பள்ளத்தாக்குக்குள் இறங்கி ஆற்றங்கரை வரை நடை, மாலைக்குள் மேலே வந்துவிடுவது என்று திட்டம்.

வழியிலேயே 3 டயர்கள் பஞ்சர். அங்குள்ள சைக்கிள்காரர்கள் 'ஆட்டுத்தலை' என்று அழைக்கும் முள். கையில் எடுத்துப் பார்த்தால், நாம் நெருஞ்சி என்று சொல்லும் அதே முள். ஒட்டி முடித்து நடைபாதைக்கு வந்து சேர்ந்தபோது மணி 11. இனி இறங்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆற்றை எட்டாமலே திரும்பி வரும் வழியில், இரண்டு மணிக்கு எங்கள் தோழி ஒருத்தி ஏற்றத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். இன்று என்ன கிழமை என்றால் பதில் இல்லை. பாறை நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையை நனைத்து, விசிறிக்கொண்டே இருந்தோம். பாலைக்குரிய சிறுபொழுது நண்பகல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்தப் பாறையோரம் காத்திருந்த 3 மணி நேரத்தில்தான் அதன் பொருள் எனக்கு விளங்கியது. அவள் தேறினாள். மேலே வந்து சேர இரவு 9 ஆனது. அப்போதும் பாறையைத் தொட்டால் சூடு.

எங்களை அழைத்துப்போனவர் நல்லவர், அனுபவசாலி. தன் தண்ணீரையும் எங்களுக்கே கொடுத்தார். ஆனால் எதுவரை போக வேண்டும் என்று முடிவு செய்திருந்த அவர், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்திருக்கவில்லை.

மலையில் ஏற்றம் முதலில் வரும். முடியாதவர் பாதியில் இறங்கிவிடலாம். பள்ளத்தாக்கில் கால் தானாக இறங்கிக்கொண்டே போகும். கடன் முழுவதும் பிற்பகலில், களைத்த பிறகு, ஏற்றமாக வந்து நிற்கும். கிராண்ட் கேன்யனின் பிரைட் ஏஞ்சல் பாதை ஆற்றை அடைவதற்குள் ஏறத்தாழ 1,300 மீட்டர் இறங்குகிறது. விளிம்பைவிட அடிவாரம் 11 டிகிரி செல்சியஸ் வரை, சில நாள்களில் அதற்கும் மேலாக, வெப்பம் கூடியிருக்கும். கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை அங்கே நடக்க வேண்டாம் என்றும், ஒரே நாளில் ஆறு வரை போய்த் திரும்ப வேண்டாம் என்றும் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா எச்சரிக்கிறது.

சைக்கிளும் சேரும்போது ஆபத்து கூடுகிறது. ஓட்டும்போது காற்று முகத்தில் அடிக்கும். வறண்ட காற்றில் வியர்வை தோன்றியதுமே உலர்ந்துவிடும். எவ்வளவு இழந்தோம் என்பதே தெரியாமல் வண்டியை விட்டு இறங்குகிறோம். அதை ஈடுகட்ட வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, குமட்டல், மனக்குழப்பம் வரை போகும். பார்ப்பதற்கு வெப்பத் தாக்கு போலவே இருக்கும். தண்ணீரோடு உப்புள்ள தின்பண்டமும் பையில் இருக்கட்டும்.

நீங்கள் மேகத்தைப் பார்ப்பீர்கள் என்று தெரியும். ஆனால் தலைக்கு மேலுள்ள வானம் போதாது. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனா மாநிலத்தின் குறுகிய பாறைப் பிளவான ஆன்டிலோப் கேன்யனில் 11 பயணிகளைக் கொன்ற வெள்ளம், தொலைவில் மேட்டுப் பகுதியில் பெய்த மழையிலிருந்து வந்தது. குறுகிய பிளவுகளுக்குள் போகும் நாளில் ஆற்றின் மேற்பகுதி முழுவதற்குமான முன்னறிவிப்பைப் பாருங்கள்.

நான் கேட்பது இதுதான். புறப்படும் முன், எல்லோரும் கேட்க ஒரு நேரத்தைச் சொல்லுங்கள்: இத்தனை மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புகிறோம். ஆறு கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, இன்னும் பத்தே நிமிடம் என்று யாராவது கெஞ்சினாலும் சரி. பஞ்சரில் போன நேரத்தை நடையில் கழித்துக்கொள்ளுங்கள். திரும்பும் நேரத்தைத் தள்ளாதீர்கள். கையிருப்புத் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்தாலும் திரும்பிவிடுங்கள், ஏற்றத்துக்கு இறக்கத்தைப்போல இரு மடங்கு தேவைப்படும். அந்த நேரத்தைக் குழுவில் இன்னொருவரும் தன் கடிகாரத்தில் வைத்துக்கொள்ளட்டும். அவர் நினைவூட்டினால் கோபப்படாதீர்கள்.

அடுத்த ஜூனில் நானும் அந்தத் தோழியும் மீண்டும் வருகிறோம். அவள் ஆற்றை இன்னும் பார்க்கவில்லை. புறப்படும் இடத்தில் உங்களிடம் அவள் கேட்கப்போகும் முதல் கேள்வி, எத்தனை மணிக்குத் திரும்புகிறோம் என்பது.

அன்புடன்,
அன்று உங்களோடு இறங்கிய ஒருத்தி