நேரில் பார்த்தவர் இல்லை என்றால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவல் துறையிலிருந்து அரசியலுக்கு வந்தவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், முன்னாள் மும்பை போலீஸ் கமிஷனர் சத்யபால் சிங்குக்கு ஒரு பக்கத்தை முழுதாக ஒதுக்கிவிட்டு, டார்வினைப் பற்றி அவர் பேசியதை மட்டும் 'சிறிது சலசலப்பை ஏற்படுத்தியது' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். மும்பைப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் உயிரியல் கற்பித்த எனக்கு அந்த வரி மிகுந்த வேதனை தந்தது.

அவருடைய பணியைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. 1980-இல் ஐ.பி.எஸ். தேர்வாகி, நாக்பூரிலும் புனேயிலும் கமிஷனராக இருந்து, 2012-இல் மும்பைக்கு வந்தவர். ஓய்வுக்கு ஓராண்டுக்கு மேல் இருந்தும் 2014 ஜனவரியில் பதவி விலகி, சில நாட்களிலேயே பாரதிய ஜனதாவில் சேர்ந்து, அவ்வாண்டு மக்களவைத் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் பாக்பத் தொகுதியில், ராஷ்ட்ரீய லோக் தளத் தலைவர் அஜித் சிங்கை மூன்றாம் இடத்துக்குத் தள்ளி வென்றார். 2019-இல் அஜித் சிங்கின் மகன் ஜெயந்த் சவுத்ரியையும் தோற்கடித்தார். இவையெல்லாம் உங்கள் கட்டுரையில் இருந்தன. ஆனால் மத்தியக் கல்வித் துறையின் இணையமைச்சராக இருந்தபோது, 2018 ஜனவரியில் அவுரங்காபாத்தில், குரங்கு மனிதனானதை நம் முன்னோர் எவரும் கண்டதாகச் சொல்லவில்லை, எனவே டார்வினின் பரிணாமக் கோட்பாடு தவறு, பள்ளி, கல்லூரிப் பாடத்தையே மாற்ற வேண்டும் என்று அவர் பேசினாரே, அது வெறும் சலசலப்பா? நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து மறுப்பு அறிக்கை வெளியிட்டதை நீங்கள் அறியாதவர் அல்லர்.

1996-இல் செம்பூரில் எங்கள் வீட்டில் திருட்டுப் போனது. நாங்கள் ஊருக்குப் போயிருந்தோம். அக்கம்பக்கத்தில் ஒருவரும் திருடனைப் பார்க்கவில்லை. கைரேகைப் பிரிவிலிருந்து வந்த காவலர் பீரோக் கதவில் மெல்லிய தூரிகையால் பொடியைத் தடவத் தடவ, வெறும் தகடாக இருந்த இடத்தில் ஒரு கட்டைவிரலின் சுழிகள் வரிவரியாக எழுந்து வந்தன. ஒட்டுநாடாவை அழுத்தி அதை அப்படியே உரித்து எடுத்துக்கொண்டார். அந்த ஒரு ரேகைதான் நீதிமன்றத்தில் திருடனை நிறுத்தியது. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் பரிணாமப் பாடத்தை இந்தக் கதையிலிருந்துதான் தொடங்குவேன்.

2018-இல் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "போலீஸ் கமிஷனராக இருந்தவரே சாட்சி இல்லை என்கிறாரே, மிஸ்?" என்று கேட்டான். மனிதனுக்கு 23 ஜோடிக் குரோமோசோம்கள், சிம்பன்சிக்கு 24. நம்முடைய இரண்டாம் குரோமோசோமில் பழைய இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்ட தடம் இன்றும் இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினேன். இன்றைய குரங்கு மனிதனாக மாறியது என்று எந்தப் பாடநூலும் சொல்லவில்லை, இரண்டுக்கும் பொது மூதாதை உண்டு என்றுதான் சொல்கிறது என்றும் விளக்கினேன். கண்ணால் கண்ட சாட்சி இல்லாத கொலை வழக்குகளில், தடயங்களின் சங்கிலி அறுபடாமல் இருந்தால் நம் நீதிமன்றங்கள் ஆயுள் தண்டனையே விதிக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் காக்கி உடுத்தியவருக்கு, அதுவும் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவருக்கு, இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால்தான் என் கோபம் ஆறவில்லை.

அந்தப் பேச்சு ஒரு நாள் வாய்தவறி வந்ததும் அல்ல. கமிஷனராக இருந்தபோதே, பாலியல் கல்வி உள்ள நாடுகளில் பெண்களுக்கு எதிரான குற்றங்கள் கூடியிருக்கின்றன என்றார். வளரிளம் பெண்களுக்கு உடலைப் பற்றி எடுத்துச் சொல்லும் ஆசிரியைகள் அன்று எவ்வளவு கூசிப்போனோம் என்பதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. ரைட் சகோதரர்களுக்கு முன்பே தல்படே என்ற இந்தியர் விமானம் கண்டுபிடித்தார் என்று பொறியியல் மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்றார். 2019 ஜூலையில், மனித உரிமைச் சட்டத் திருத்த விவாதத்தில், நாம் ரிஷிகளின் பிள்ளைகள் என்று மக்களவையிலேயே பேசினார். என் முன்னோர் ரிஷிகள் அல்லர், ஹோமோ சேப்பியன்ஸ் (மனித இனத்தின் அறிவியல் பெயர்), என் பெற்றோர் சூத்திரர்கள் என்று கனிமொழி எழுந்து பதில் சொன்னார். தமிழ்ப் பத்திரிகையான உங்கள் கட்டுரையில் அதற்குக்கூட இடமில்லாமல் போனது.

2023-இல், மத்திய அரசின் பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபும் பரிணாமமும்' என்ற பாடத்தை வெறும் 'மரபு' ஆக்கியது. அதற்கு அவர்தான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, ஆகவே சொல்ல மாட்டேன். ஆனால் மேல்வகுப்பில் உயிரியல் எடுக்காத பிள்ளை இனி அந்தப் பாடத்தைப் பள்ளியில் பார்க்கவே போவதில்லை. அந்த நீக்கத்தையும் நீங்கள் சிறு செய்தியாகத்தான் போட்டீர்கள்.

உங்கள் மாணவர் பக்கத்தில் ஒரே ஒரு வாரம், நீக்கப்பட்ட அந்தப் பாடத்தை எளிய தமிழில் எழுதி வெளியிடுங்கள். எழுத ஆள் இல்லை என்றால் நானே எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை,
செம்பூர், மும்பை.