சாய்தளம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டு, 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கு, அருகமைப் பள்ளியிலோ தாங்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கல்வி பெறும் உரிமையை அளித்துள்ளது. இருந்தும், வாசலில் சாய்தளம் அமைத்ததோடு கடமை முடிந்ததாகக் கருதும் பள்ளிகள் உள்ளன. விளையாட்டு நேரத்தில் அக்குழந்தை வகுப்பறையிலேயே அமர்ந்திருப்பதும், ஆண்டு விழாவுக்கு அழைத்துவர வேண்டாம் என்று பெற்றோரிடம் (அதுவும் பரிவோடு) சொல்லப்படுவதும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. கிராம சபையிலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இப்பெற்றோர் பேசுவதற்கு நேரம் ஒதுக்கவும், மற்ற பெற்றோரும் ஊராரும் அதைக் கேட்கவும் மாவட்ட நிர்வாகங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திண்டுக்கல்