சிறுவர் நூல் மதிப்பீட்டுக்கும் பரிசுக்கும் நன்கொடை வேண்டுகிறோம்

அன்புடையீர்,

யாழ்ப்பாணத்தில் சிறுவர் நூல் ஒன்று வெளியாகும் விதம் நீங்கள் அறிந்ததே. மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, வெளியீட்டுரை. முதற்பிரதியைப் பிரமுகர் ஒருவர் பணம் வைத்த கடித உறை கொடுத்துப் பெற்றுக்கொள்வார். அடுத்தது நயப்புரை. அதில் குறை சொல்வது வழக்கமில்லை; சொன்னவருக்கு அடுத்த விழாவுக்கு அழைப்பு வராது. அந்த நூலை வாசிக்கும் வயதில் மண்டபத்தில் இருப்பவர்கள், அநேகமாக, வரவேற்பு நடனம் ஆட வந்த பிள்ளைகள்தான். அச்சிட்ட 300 அல்லது 500 பிரதிகளில் ஒரு பகுதி அன்று விலைபோகும். மிச்சம் எழுத்தாளர் வீட்டு அலுமாரிக்குப் போகும்.

பிள்ளைக்குப் புத்தகம் வாங்க வரும் தாய் தகப்பன் எதை நம்பி வாங்குவது? சிறுவர் பாடல்கள் பாடிய நவாலியூர் சோமசுந்தரப் புலவர் மறைந்தது 1953இல். ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும் செய்யும் வீடுகளில் அவர் பாட்டு இன்றும் ஒலிக்கிறது. அவருக்குப் பின் எழுதியவர்களில் எத்தனை பேரை எங்கள் பிள்ளைகள் அறிவார்கள்? எழுத ஆளில்லாமல் போகவில்லை. நல்லதைத் தெரிந்து சொல்லத்தான் ஆளில்லை.

அதற்காக ஆசிரியர்கள், நூலகர்கள், பெற்றோர் சிலர் ஒன்றுசேர்ந்திருக்கிறோம். இலங்கையில் ஆண்டுதோறும் வெளியாகும் தமிழ்ச் சிறுவர் நூல்களை விலைகொடுத்து வாங்கி வாசித்து, எங்கள் பெயரிட்டே மதிப்புரை எழுதுவோம். சிறந்தவற்றுக்குத் தேசிய வாசிப்பு மாதமான ஒக்டோபரில் பரிசளிப்போம். விலைகொடுத்து என்பதை வேண்டுமென்றேதான் எழுதினோம். கைநீட்டி வாங்கிய இலவசப் பிரதியைக் குறைசொல்லப் பேனா கூசும்.

பிள்ளைகள் வாசித்த பின்னரே நாங்கள் எழுதுவோம். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் எங்கும் நூல்கள் போகவேண்டும். நெடுந்தீவுக்கான பொதி குறிகட்டுவானில் படகேறவேண்டும். தரம் 5 புலமைப்பரிசில் வினாத்தாள்களுக்கு நடுவே ஒரு பிள்ளை எந்தக் கதையைத் திருப்பிக் கேட்டது, எதை எத்தனையாம் பக்கத்தில் மூடிவைத்தது என்பது எங்களுக்குத் தெரியவேண்டும்.

கதை முடிந்த பிறகும் விடாமல் புத்தி சொல்லும் ஆசிரியர்களிடம் கொஞ்சம் கடுமையாகவே இருப்போம். ஆறு வயதுப் பிள்ளைக்கு எறும்பளவு எழுத்து, இரண்டாம் வாசிப்பிலேயே கழன்று விழும் தாள், இணையத்தில் எடுத்து ஒட்டிய அந்நிய ஊர்ப் படங்கள், இவற்றையும் மறைக்காமல் எழுதுவோம். படம் வரைந்தவரின் பெயரே போடாத நூல்களும் எங்களிடையே உண்டு. உலக அளவில் சிறுவர் இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது 1956இல் எழுத்தாளருக்கு மட்டுமாகத் தொடங்கி, 1966 முதல் ஓவியருக்கும் தனியாக வழங்கப்படுகிறது. நாங்களும் இருவருக்கும் தனித்தனியாகவே பரிசளிக்க எண்ணியிருக்கிறோம்.

பொன்னாடையும் நினைவுச்சின்னமும் கிடையாது. பொன்னாடையைக் கொடுத்து அடுத்த நூலின் அச்சுக்கூலியைக் கட்ட முடியுமா? பரிசைப் பணமாகவே கொடுப்போம். தெரிவான நூலின் பிரதிகளையும் வாங்கிப் பாடசாலை நூலகங்களுக்குக் கொடுப்போம். உங்கள் நன்கொடையில் பெரும்பங்கு இதற்கே செலவாகும். மிகுதி நூல் வாங்கவும், தபாலுக்கும், மதிப்புரைகளைத் தொகுத்து அச்சிட்டுச் சனசமூக நிலைய வாசிகசாலைகளுக்கு இலவசமாக அனுப்பவும் வேண்டும்.

500 ரூபா தந்தாலும் பற்றுச்சீட்டு உண்டு. வரவு செலவு முழுவதையும் தொகுப்பின் கடைசிப் பக்கத்தில் அச்சிடுவோம். ஆனால் எவ்வளவு தந்தாலும் நூல் தெரிவில் நன்கொடையாளர் தலையிட முடியாது. குழுவினரும் அவர்கள் குடும்பத்தாரும் எழுதிய நூல்கள் போட்டிக்கு எடுக்கப்படமாட்டா. தகுதியான நூல் வராத ஆண்டில் பரிசு இல்லை; அந்தப் பணம் அடுத்த ஆண்டுக்குப் போகும்.

புலம்பெயர்ந்து வாழும் உறவுகள் தாங்கள் படித்த பாடசாலைக்கான நூல்களின் செலவைப் பொறுப்பேற்கலாம். வங்கிக் கணக்கு விபரத்தை எங்கள் பொருளாளரிடம் கேட்டுப் பெறுங்கள். உள்ளூரில் உறுப்பினர்கள் பற்றுச்சீட்டுப் புத்தகத்துடன் வீடுகளுக்கு வருவார்கள். அலுமாரியில் விற்காமல் கிடக்கும் உங்கள் சிறுவர் நூல்களைப் பற்றியும் அவர்களிடம் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
சிறுவர் நூல் மதிப்பீட்டுக் குழுவினர்,
யாழ்ப்பாணம்.