தலையில் இருப்பதெல்லாம் கொண்டை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

பறவைப் பெயர்களைத் தமிழாக்கும்போது தலையில் எது இருந்தாலும் ‘கொண்டை’ என்று எழுதிவிடுகிறார்கள். பெயரை நம்பிக் காட்டுக்குப் போகும் பிள்ளை, பறவையைக் கண் முன்னே வைத்துக்கொண்டே அது வேறொன்று என்று விட்டுவிடும்.

சிங்கராஜக் காட்டில் வாழும், இலங்கைக்கே உரிய சின்னான் (புல்புல்) ஒன்று உண்டு. மஞ்சள் உடல், கறுப்புத் தலை, வால் நுனியில் வெள்ளை. தலை வழவழவென்றிருக்கும், கொண்டையே கிடையாது. இமயம் முதல் தென்கிழக்காசியா வரை வாழும் கொண்டையுள்ள சின்னானையும் இதையும் முன்பு ஒரே இனமாகக் கருதியதால் ‘கருங்கொண்டை’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று இது தனி இனம். ஆங்கிலத்திலும் ‘கறுப்புத் தொப்பி’ என்று மாற்றிவிட்டார்கள். நாமும் ‘கருந்தொப்பிச் சின்னான்’ என்றே எழுதலாம்.

சின்னான் குடும்பம் முழுவதையும் ‘கொண்டைக்குருவி’ என்பதும் பொருந்தாது. கொழும்பு வீட்டுத் தோட்டங்களில் திரியும் செம்புழைச் சின்னானுக்குக் குட்டைக் கொண்டை உண்டு. காகம் கிட்ட வந்தால் அது சிலிர்த்து, பின்தலை சதுரமாகத் தெரியும். அதே வேலிக்கு வரும் வெண்புருவச் சின்னானுக்கோ கொண்டை இல்லை. ‘சின்னான்’ இரண்டுக்கும் பொருந்தும்.

பெயர் வைக்குமுன், தலையில் இருப்பது எதனால் ஆனது, எங்கிருந்து முளைக்கிறது, விரிந்து மடங்குமா என்று பார்க்க வேண்டும். கொண்டலாத்திக்கு நெற்றியிலிருந்து எழும் இறகுகள், தரையில் இறங்கியதும் கறுப்பு நுனிகளோடு விசிறியாக விரியும். அசல் கொண்டை அதுதான். நம் காட்டுக்கோழிச் சேவலின் தலையில் இருப்பது தசை. சிவப்பு, நடுவில் மஞ்சள். அதற்குச் ‘சூட்டு’ என்ற அருமையான சொல் நம்மிடம் உண்டு. (பேச்சில் ‘கோழிக்கொண்டை’ இருந்துவிட்டுப் போகட்டும், அந்தப் பூவின் பெயரையும் மாற்ற வேண்டியதில்லை.) பிடரியில் நீள இறகுகள் நிற்கும் பருந்துக்குக் ‘குடுமி’ என்பது ஏற்கெனவே வழக்கில் உள்ளது, நல்ல சொல். இருவாய்ச்சிக்கு அலகின் மேல் கொம்புப் புடைப்பு. அதைக் கொண்டை என்பது முழுத் தவறு. இலங்கைச் சாம்பல் இருவாய்ச்சிக்கு அந்தப் புடைப்பும் இல்லை.

சரியான பெயரிலும் ஓர் இடறல் உண்டு. காலிமுகத்திடலுக்கு அப்பால் பறக்கும் பெரிய கொண்டை ஆலா என்ற கடற்பறவைக்குப் பறக்கையில் கொண்டை படிந்துவிடும். இப்படிப்பட்ட பறவைக்குப் படத்தின் கீழ் அலகின் நிறத்தையும் சேர்த்து அச்சிடுங்கள்: இதற்கு மஞ்சள், சிறிய கொண்டை ஆலாவுக்குச் செம்மஞ்சள்.

பறவை நோக்கர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06