ஸ்டெம் செல்லைப் பெட்டிச் செய்தியிலிருந்து வெளியே விடுங்கள்

உயிரியல் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

செல், திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம், உயிரி. இந்த வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் மாணவர்கள் சொல்லிவிடுவார்கள். வரிசையோடு எனக்குச் சண்டை இல்லை. அதை அன்றாடம் தாங்கிப் பிடிக்கிற ஸ்டெம் செல்லை, அதாவது பிரிந்து தன்னையும் புதுப்பித்துக்கொண்டு வேறு வகைச் செல்களையும் உண்டாக்கும் செல்லை மட்டும் பாடத்தின் கடைசியில், ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்ற பெட்டிக்குள் தள்ளிவிடுகிறீர்களே, அதுதான் உறுத்துகிறது.

சிறுகுடலின் உட்பரப்பையே பாருங்கள். விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளை அழகாக வரைந்து காட்டுகிறீர்கள். அவற்றின் அடிவாரத்தில் இருக்கும் சின்னச் சின்னக் குழிகள் பெரும்பாலும் படத்தில் வருவதே இல்லை. அந்தக் குழிகளின் அடியில்தான் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அவை பிரிந்து உண்டாகும் செல்களில் பெரும்பாலானவை மெல்ல மேலேறும். ஏறுகிற வழியிலேயே சில, உணவை உறிஞ்சும் செல்களாகும். சில, சளி சுரக்கும் செல்களாகும். உச்சிக்குப் போனதும் உதிர்ந்துவிடும். எல்லாம் மூன்று முதல் ஐந்து நாள் கதை. போன வாரம் நாம் சாப்பிட்டதை உறிஞ்சிய செல்களில் அநேகமாக எதுவும் இன்று இல்லை, ஆனால் குடல் அப்படியே இருக்கிறது. ‘திசு என்பது ஒரே வேலையைச் செய்யும் செல்களின் தொகுப்பு’ என்ற ஒரு மதிப்பெண் விடையில் இது எங்கே இருக்கிறது?

ரத்தச் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது என்று எழுதுகிறீர்கள். சரி, உட்கரு இல்லாத செல் பிரிய முடியாது, சுமார் 120 நாளில் அழிந்தும் போகிறது. அப்புறம் எப்படி ரத்தம் தீராமல் இருக்கிறது? மாணவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். எலும்பு மஜ்ஜை நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்களைச் செய்து அனுப்புகிறது என்பது பதிலின் ஒரு பாதி. மறுபாதியை டில், மெக்கல்லக் என்ற கனடா விஞ்ஞானிகள் இருவரும் 1961-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து சொல்லலாம். கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜைச் செல்களைச் செலுத்தினார்கள். சில நாட்களில் மண்ணீரலில் முடிச்சு முடிச்சாகக் கட்டிகள் எழும்பின. ஒவ்வொரு முடிச்சும் ஒற்றைச் செல்லின் வாரிசு என்பதும், அதற்குள்ளேயே பலவகை ரத்தச் செல்கள் இருக்கின்றன என்பதும் பிறகு உறுதியாயிற்று. இப்படிப் பலவகைச் செல்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் மஜ்ஜையில் இருப்பதுதான் அந்த மறுபாதி. எந்த வகுப்பிலும் கதையாகவே சொல்லக்கூடிய சோதனை இது.

தாவரங்களின் வேர் நுனியில் பிரிந்துகொண்டே இருந்து புதுச் செல்களை உண்டாக்கும் ஆக்குத்திசுவுக்குப் பக்கம் பக்கமாக இடம் தருகிறீர்கள். குடல் குழியில் நடப்பதும் ஏறக்குறைய அதே வேலை என்று ஒரு வரி சேர்த்தால் போதும், இரண்டு பாடங்களும் கைகோத்துக்கொள்ளும்.

பெட்டிக்குள் இப்போது இருப்பது என்ன? ‘எந்த நோயையும் குணப்படுத்தும் எதிர்கால மருத்துவம்’ என்ற தொனியில் நான்கு வரி. மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல் சாதாரணமாக ரத்தச் செல்களைத்தான் உண்டாக்கும், கண் நரம்பை உண்டாக்காது என்ற எல்லையைப் படிக்காத பிள்ளைதான் பிற்பாடு விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுகிறது. பணத்தோடு போனால்கூடப் பரவாயில்லை. கொழுப்பிலிருந்து எடுத்த ‘ஸ்டெம் செல்’ என்று சொல்லி இரு கண்களிலும் ஊசி போட்டதில் மூன்று பெண்கள் பார்வையை இழந்ததை 2017-இல் ஒரு மருத்துவ ஆய்விதழ் பதிவு செய்தது. ஜப்பானிய விஞ்ஞானி யமனகா 2006-இல் எலியின் முதிர்ந்த செல்லை நான்கு மரபணுக்களைக் கொண்டு ஸ்டெம் செல் போன்ற நிலைக்குப் பின்னோக்கித் திருப்பியது பெரிய சாதனைதான், அதையும் எழுதுங்கள். ஆனால் ஆய்வகத்தில் முடிந்தது வேறு, மருத்துவமனையில் நிரூபணமானது வேறு என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். ரத்தப் புற்றுநோய்க்கான மஜ்ஜை மாற்று சிகிச்சை பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது, அதை உதாரணமாக வையுங்கள்.

அடுத்த பதிப்பில் ‘திசு’ என்ற தலைப்புக்கு அடுத்ததாகவே இதெல்லாம் வரட்டும். இடம் போதாது என்பீர்கள். 1665-இல் ராபர்ட் ஹூக் பார்த்த தக்கைத் துண்டின் படம் பல நூல்களில் அரைப் பக்கத்துக்கு விரிந்திருக்கிறது. அதில் தெரிவது செத்த செல்களின் வெற்றுச் சுவர்கள்தானே, அதைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் நூல்களை விடாமல் படிக்கும் ஒரு வாசகர்